ஒரு டம்ளரில் எவ்வளவு பால்? (காப்பியும் நம் சேர்வராயன் மலையும்)



போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பிக் கடை போடப் போகிறானாம். “டீச்சர், கப்புச்சினோ, லாட்டே, ஃபிளாட் ஒயிட் எல்லாத்துலயும் காப்பியும் பாலும்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு மூணு பேரு, மூணு விலை? நான் போர்டுல எதைப் போடறது?” என்று கேட்டிருந்தான். அவன் பாட்டி நம் மலையில் நாற்பது வருடம் காப்பிப் பழம் பறித்தவர். அதனால் இதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. வரலாற்று டீச்சரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! கொஞ்சம் நீளம்தான். ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பானங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை எஸ்பிரஸ்ஸோ. மாவு போல அரைத்த காப்பித் தூளை ஒரு கிண்ணத்தில் அழுத்தி வைத்து, 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடான தண்ணீரை, காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 9 மடங்கு அழுத்தத்தில், 25 முதல் 30 வினாடிக்குள் அதன் வழியே தள்ளினால் 30 மி.லி. அளவுக்குக் கெட்டியாக ஒரு சாறு இறங்கும். மேலே பொன்னிறத்தில் மெல்லிய நுரை படியும். இதுதான் எஸ்பிரஸ்ஸோ. பால் கிடையாது, சர்க்கரையும் அவரவர் விருப்பம்.

இதில் எவ்வளவு பால் சேர்க்கிறோம், அந்தப் பாலில் எவ்வளவு காற்று சேர்க்கிறோம் என்ற இரண்டே கணக்கில்தான் மற்ற பெயர்கள் எல்லாம் பிறக்கின்றன.

• மாக்கியாத்தோ: எஸ்பிரஸ்ஸோவின் மேல் ஒரு கரண்டி பால் நுரை. இத்தாலிய மொழியில் ‘கறை பட்டது’ என்று பொருள். கறுப்புக் காப்பியில் பாலின் கறை!

• கோர்ட்டாடோ: காப்பியும் பாலும் ஏறக்குறைய சரிபாதி. நுரை இல்லை என்றே சொல்லலாம். ஸ்பெயின் நாட்டுப் பழக்கம்.

• கப்புச்சினோ: 150 முதல் 180 மி.லி. கோப்பை. எஸ்பிரஸ்ஸோ, பால், மேலே ஒரு விரல் தடிமனுக்கு நுரை. காப்பி, பால், நுரை மூன்றும் சம பங்கு என்று சொல்வது நினைவில் வைக்க வசதியான கணக்கு.

• ஃபிளாட் ஒயிட்: கோப்பை ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் பெரும்பாலும் இரட்டை எஸ்பிரஸ்ஸோ, மேலே மிக மெல்லிய நுரை. அதனால் காப்பி தூக்கலாக இருக்கும்.

• லாட்டே: 240 மி.லி.க்குக் குறையாத பெரிய கோப்பை. பால்தான் அதிகம், நுரை மெலிசு. இத்தாலியில் போய் வெறுமனே ‘லாட்டே’ என்று கேட்டால் ஒரு டம்ளர் பாலைக் கொண்டு வந்து வைப்பார்கள். அந்தச் சொல்லுக்கே பால் என்றுதான் அர்த்தம்.

• மோக்கா: லாட்டேயில் சாக்லேட். ஏமன் நாட்டின் மோக்கா துறைமுகத்தின் பெயர். ஒரு காலத்தில் உலகத்துக்கே அங்கிருந்துதான் காப்பிக் கொட்டை போனது. பாபா புதன் என்ற சூஃபி 7 கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்று சொல்லும் கதையும் அந்தக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது.

அவ்வளவுதான். பரீட்சைக்கு இது போதும். இனி வருவது பாடம்.

*இயந்திரம் வந்த கதை*

காப்பியில் பாலும் நுரையும் சேர்ப்பது இயந்திரத்துக்கு முந்திய பழக்கம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரக் காப்பிக் கடைகளில் ‘கப்புசீனர்’ என்று ஒரு காப்பி இருந்தது. பாலோ பாலேடோ சேர்ந்து அது எடுக்கிற பழுப்பு நிறம், கப்புச்சின் துறவிகள் அணியும் அங்கியின் நிறம் போல இருந்ததால் அந்தப் பெயர். அதன் இத்தாலிய வடிவம்தான் கப்புச்சினோ. நாம் காவி என்று ஒரு நிறத்துக்குச் சொல்கிற மாதிரி அவர்களுக்கு இது ஒரு நிறம்.

நீராவியை வைத்துக் காப்பி இறக்கும் இயந்திரத்துக்கு 1884-இல் தூரின் நகரத்தில் ஆஞ்சலோ மொரியோந்தோ காப்புரிமை வாங்கினார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸெரா அதை ஒவ்வொரு கோப்பையாக உடனுக்குடன் இறக்கும்படி மாற்றினார். அவரிடமிருந்து உரிமையை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் தெசிதேரியோ பவோனி. அந்த இயந்திரங்களில் அழுத்தம் குறைவு. நீராவி நேராகப் பட்டதால் காப்பி கொஞ்சம் காந்தல் அடிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அக்கில் காஜ்ஜா நெம்புகோலும் வில்லும் வைத்து அழுத்தத்தை ஏற்றினார். அந்தப் பொன்னிற நுரை அப்போதுதான் முதலில் வந்தது. 1961-இல் ஃபாயெமா நிறுவனம் நெம்புகோலுக்குப் பதிலாக மின் பம்பு வைத்தது. இன்று கடைகளில் பார்க்கிற இயந்திரங்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

லாட்டே உலகமெல்லாம் போனதற்குக் காரணம் அமெரிக்கா. 1983-இல் மிலானுக்குப் போன ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அங்கே பார்த்த எஸ்பிரஸ்ஸோ கடைகளின் மாதிரியைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். கோப்பை பெரிதாயிற்று, பால் கூடிற்று. ஃபிளாட் ஒயிட் 1980-களில் பிறந்தது. அது எங்கள் பிள்ளை என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்றைக்கும் சண்டை போடுகின்றன. மைசூர்பாகு யாருடையது, ரசகுல்லா யாருடையது என்று நாம் போடாத சண்டையா!

*இனி நம் மலை*

ஏற்காட்டின் வரலாறு என்று இணையத்தில் தேடினால், “1842-இல் சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்” என்று பல இடங்களில் வரும். பிள்ளைகளே, இதை நம்பாதீர்கள். மன்றோ 1827 ஜூலையிலேயே பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துவிட்டார். இறந்து 15 வருடம் கழித்து அவர் எப்படி மலை ஏறினார்? சேலம் பகுதி 1792-இல் திப்புவிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தபோது, இங்கே அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக இளம் மன்றோ வேலை பார்த்தார். அது உண்மை. 1842 உண்மையில்லை.

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லும் சரியில்லை. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கே இருந்தார்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். சேர்வராயன் கோயிலும், அங்கே கோடையில் நடக்கும் திருவிழாவும் அவர்களுடையவை. சாமையும் தினையும் விளைந்த மலை இது.

காப்பியைக் கொண்டுவந்தவர் எம்.டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்தவர். காப்பியும் பேரிக்காயும் ஆப்பிளும் அவர் முயற்சியில்தான் மலைக்கு வந்தன. அவருடைய கிரேஞ்ச் தோட்டம் இங்குள்ள மிகப் பழைய தோட்டங்களில் ஒன்று. 1829-இல் சேலத்தில் பிறந்த அவர் மகள் மார்கரெட் காக்பர்ன் பிற்பாடு கோத்தகிரியில் வாழ்ந்தார். பறவைகளையும் பூக்களையும் அவர் வரைந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் கைவேலை அங்கே இருக்கிறது என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் காப்பிச் செடியைப் பிடித்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி போல வந்து, இலை கொட்டி, செடி மொட்டையாகிவிடும். இலங்கை காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்குப் போனது அதனால்தான். தென்னிந்தியத் தோட்டங்களையும் அந்த நோய் உலுக்கியது. நீலகிரியில் தேயிலை மேலோங்கிவிட்டது. நம் மலை காப்பியிலேயே நின்றது. பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் தர, மரத்தில் மிளகுக் கொடி ஏற, கீழே அராபிகா. துருவைத் தாங்கும் செடி வேண்டும் என்று பல காலம் ஆராய்ந்து உண்டாக்கிய எஸ்.795 என்ற ரகம் இன்றும் நம் மலையில் நிறைய உண்டு.

*விளைவித்தவர்கள் குடித்தார்களா?*

இந்தக் கேள்வியைத்தான் நான் வகுப்பில் கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? “பருத்தி விளைவித்தவன் என்ன உடுத்தினான்?” என்று கேட்கிற மாதிரி.

19-ஆம் நூற்றாண்டில் மலையில் விளைந்த காப்பியில் பெரும்பகுதி கப்பலேறியது. நம் வீடுகளில் காலையில் இருந்தது நீராகாரமும் பழைய சோறும். காப்பி நம் சமையலறைக்குள் நுழைந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். இதைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஓர் அருமையான ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். தேடிப் படியுங்கள். பழையதை விட்டுக் காப்பிக்கு மாறுவது ஒழுக்கக்கேடு என்று அன்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. கொஞ்ச காலத்தில் அதே காப்பி, வந்த விருந்தாளிக்குக் கொடுத்தே ஆகவேண்டிய மரியாதையாகிவிட்டது.

அந்த மரியாதையின் அளவுகோல் பால். இதைக் கவனியுங்கள். இத்தாலியில் எஸ்பிரஸ்ஸோவைப் பால் இல்லாமல் குடிப்பது சாதாரணம். நம் ஊரில் பால் இல்லாத காப்பிக்கு ‘வரக்காப்பி’ என்று பெயர். வறட்டுக் காப்பி! பால் வாங்க முடியாத வீட்டின் காப்பி. அதில் சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ இருக்கும். சில வீடுகளில் காப்பித் தூளும் இருக்காது. சுக்கையும் மல்லியையும் தட்டிப் போட்டுவிட்டு அதற்கும் காப்பி என்றே பெயர் வைத்தார்கள். அப்படியாவது காப்பி குடித்தவர்கள் கணக்கில் சேர வேண்டும் என்கிற ஆசை அது.

இன்னொரு முனையில் கும்பகோணம் டிகிரி காப்பி. தண்ணீர் கலக்காத பசும்பால், அப்போதே வறுத்து அரைத்த தூள், முதல் டிகாஷன். ‘டிகிரி’ என்ற பெயர் பாலை அளக்கும் கருவியின் டிகிரியிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். வேறு விளக்கங்களும் உண்டு. எது சரியாக இருந்தாலும் அந்தக் காப்பியின் பெருமையில் பாதி பாலின் பெருமைதான். இரண்டாம் டிகாஷனும் தண்ணீர்ப் பாலும் யாருக்குப் போனது என்பதை வைத்தே ஒரு வீட்டின் படிநிலையைச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு உழைப்பவர்களுக்கும், பல வீடுகளில் மருமகளுக்கும் கடைசி டம்ளர்தான்.

கடைகளிலும் படிநிலை இருந்தது. காப்பி கிளப்புகள் பெருகியபோது ‘பிராமணாள்’ என்ற பலகையும் தொங்கியது. உட்காரும் இடத்திலும் பிரிவினை இருந்தது. அந்தச் சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும் என்று 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் நடத்திய மறியல் பிரசித்தமானது. கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனி டம்ளர், குடித்தவரே கழுவி வைக்க வேண்டும் என்ற இரட்டைக் குவளை முறை அதைவிடக் கொடியது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் எத்தனை ஊர்களில் அந்தத் தனி டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள்.

ஆகவே ஒரு டம்ளர் காப்பியில் எவ்வளவு பால் என்பது ருசி சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் இல்லை. யாருக்கு எந்த டம்ளர் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1930-களில் உள்நாட்டில் காப்பி விற்பனையைப் பெருக்க ஒரு தீர்வை வசூலித்தார்கள். அதற்கான குழு 1936-இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸைத் திறந்தது. பிறகு காப்பி வாரியம் அவற்றை நடத்தியது. 1950-களில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதலில் அந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளை எடுத்து நடத்தினார்கள். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம். பரிமாறியவர்களே முதலாளிகளான கதை! தோட்டத்திலும் மாற்றம் வந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், 150 பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் கேன்டீன் என்றெல்லாம் முதலாளிக்குக் கடமை விதித்தது.

பாலின் கதையும் 1970-க்குப் பிறகு மாறியது. வெண்மைப் புரட்சி வந்து, கூட்டுறவுப் பால் பாக்கெட் ஊர் ஊராகப் போனது. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கடைக்காரன் கலக்கும் தண்ணீருக்குப் பயப்படாமல் ஏழை வீட்டிலும் பால் காப்பி போட முடிந்தது. எனக்குத் தெரிந்து நம் மக்களின் வாழ்க்கையில் சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று.

*ஃபில்டரும் இயந்திரமும்*

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திரம் அழுத்தத்தால் அரை நிமிடத்தில் செய்கிறது. நம் பித்தளை ஃபில்டர் அதன் சொந்த எடைக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டு அரை மணி நேரத்தில் செய்கிறது. எஸ்பிரஸ்ஸோ அளவுக்கு டிகாஷன் கெட்டி இல்லைதான். ஆனால் பாலைத் தாங்கும் அளவுக்குக் கெட்டி. அந்தக் கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும் சிக்கரி உதவுகிறது. சிக்கரி ஒரு கிழங்கு. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் காஃபீன் இல்லை. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அடுத்த முறை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும். 1926-இல் சேலத்தில் தொடங்கிய நரசுஸ் போன்ற கம்பெனிகள்தான் இந்தத் தூளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன.

பாலில் நுரை எழுப்ப அவர்கள் நீராவிக் குழாயைப் பாலுக்குள் விடுகிறார்கள். நாம் டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவே கை நீளத்துக்கு ஆற்றுகிறோம். இரண்டும் ஒரே காரியம்தான். காற்றுக் குமிழைப் பாலில் உள்ள புரதம் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் பாலை 60, 65 டிகிரிக்கு மேல் விடமாட்டார்கள். 70-ஐத் தாண்டினால் புரதம் கெட்டு நுரை முரடாகும், வெந்த பால் வாசனை வரும். நாமோ பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தால் நோய் வரும் என்று கண்டவர்கள் நம் பெரியவர்கள். அந்த வெந்த பாலின் மணமே நம் காப்பியின் மணமாகிவிட்டது. அவர்கள் தவறு என்று தள்ளுகிற வாசனையை நாம் ‘ஆஹா’ என்கிறோம். இதில் யார் சரி, யார் தப்பு என்று எதுவும் இல்லை.

அளவையும் பாருங்கள். 150 மி.லி. டம்ளரில் 50 மி.லி. டிகாஷன், 100 மி.லி. பால். இது ஒன்றுக்கு இரண்டு. ‘ஸ்ட்ராங்’ என்றால் டிகாஷன் கூடும், ‘லைட்’ என்றால் குறையும். அப்படியானால் நம் ஸ்ட்ராங் காப்பி ஃபிளாட் ஒயிட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். மேலே நுரை ததும்ப ஆற்றிய காப்பி கப்புச்சினோவுக்கு மாமன் மகன். பிள்ளைகளுக்குப் போடும் பால் காப்பி லாட்டேவின் பங்காளி. பெயர்தான் வேறு!

கல்யாண மண்டபங்களில் ‘எஸ்பிரஸ்ஸோ’ என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி நீராவிச் சத்தம். கோப்பை நிறைய நுரை. மேலே கோகோப் பொடித் தூவல். உள்ளே இருந்தது இன்ஸ்டன்ட் தூளும் பாலும் சர்க்கரையும். உண்மையான எஸ்பிரஸ்ஸோ ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஆனால் எத்தனை தாத்தாக்கள் அதற்காகவே வரவேற்புக்குச் சீக்கிரம் வந்தார்கள்! அந்தக் கோப்பைக்கும் நம் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

*1996*

இந்த ஆண்டைக் குறித்து வையுங்கள். 1942 முதல் காப்பி விவசாயி தன் கொட்டையைக் காப்பி வாரியத்தின் பொதுக் கிடங்குக்குத்தான் கொடுக்க வேண்டும். வாரியம் ஏலம் விட்டுத் தவணை தவணையாகப் பணம் கொடுக்கும். யார் தோட்டத்துக் கொட்டையும் எல்லார் கொட்டையோடும் கலந்துவிடும். 1992-இல் தொடங்கிய தளர்வு 1996-இல் முழுமையாகி, விவசாயி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றானது. அதே 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் முதல் கஃபே காப்பி டே திறந்தது. கப்புச்சினோ, லாட்டே என்ற சொற்கள் நம் பிள்ளைகளின் வாயில் புழங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2012-இல் ஸ்டார்பக்ஸும் வந்து சேர்ந்தது.

சுதந்திரத்தோடு ஆபத்தும் வந்தது. 1989-இல் உலக நாடுகளின் காப்பி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் உடைந்துபோயிருந்தது. வியட்நாமில் விளைச்சல் பெருகியது. 2001, 2002-இல் உலகச் சந்தையில் காப்பி விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. நம் மலைச் சிறு விவசாயிகள் பட்ட பாடு அந்தக் காலத்தில் என் வகுப்பிலேயே தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்க மாட்டான். நகரத்தில் காப்பிக் கோப்பையின் விலை ஏறிக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஃபிளாட் ஒயிட்டுக்குச் சுமார் 18 கிராம் வறுத்த தூள். அது ஏறக்குறைய 140 கொட்டை. ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை என்றால் 70 பழம். (இசைமேதை பீத்தோவன் ஒரு கோப்பைக்கு 60 கொட்டை எண்ணிப் போடுவார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஷிண்ட்லர் சொல்கிறார். அது இன்றைய ஒற்றை எஸ்பிரஸ்ஸோவின் அளவு!) அந்த 70 பழமும் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் பார்த்து, பச்சையை விட்டு, ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். சரிவில் நின்று, இடுப்பில் பை கட்டி, மார்கழிப் பனியில், அட்டை கடிக்க, அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்ப வர வேண்டும். இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழம் பறிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் போய்ப் பறித்துப் பாருங்கள்.

நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும். ஒருமுறை அவரிடம், “இவ்வளவு காப்பி பறிச்சீங்களே, நீங்க எப்படிக் குடிப்பீங்க ஆயா?” என்று கேட்டேன். “எங்களுக்கு வரக்காப்பிதான் கண்ணு. நல்ல கொட்டையெல்லாம் கீழ போயிரும். ஒடஞ்சது, மெதக்கறது, அதத்தான் வறுத்து இடிச்சுக் குடிப்போம்” என்றார். தண்ணீரில் மிதக்கும் சோடைப் பழத்தைத்தான் ‘மெதக்கறது’ என்றார். மலையின் முதல் தரக் கொட்டையின் ருசி, அதைப் பறித்தவருக்கே நாற்பது வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது.

அதனால்தான் அவர் பேரன் கடை போடுவது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. அவனுக்கு என் பதில் இது. தம்பி, கப்புச்சினோவும் போடு, லாட்டேவும் போடு. சுற்றுலா வருபவர்கள் கேட்பார்கள், தொழில் நடக்க வேண்டும். அளவு தெரிந்து, சூடு தெரிந்து ஒழுங்காகப் போடு. பேருக்கு நுரையைத் தூக்கி வைக்காதே. ஆனால் பலகையில் முதல் வரி ஃபில்டர் காப்பியாக இருக்கட்டும். வரக்காப்பியையும் சேர், வெல்லம் போட்டு. இன்றைக்குப் பெரிய கடைகளில் பால் இல்லாத காப்பிதான் கொட்டையின் உண்மையான ருசியைக் காட்டும் என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். நம் ஏழை வீட்டுப் பானம் அங்கே ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது! எந்தத் தோட்டம், எந்த ரகம், எவ்வளவு சிக்கரி அல்லது சிக்கரியே இல்லை என்று எழுதிப் போடு. பறித்தவர்களுக்கு என்ன கூலி கொடுத்தாய் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லும்படி கொடு. எல்லாருக்கும் ஒரே டம்ளர் வை. உன் ஆயாவுக்கு முதல் தரக் கொட்டையில், ஆரஞ்சுப் பாக்கெட் பாலில், முதல் டிகாஷனில் ஒரு காப்பி போட்டுக் கொடு. அதற்கு எந்த இத்தாலியப் பெயரும் தேவையில்லை.

கடைசியாக உங்கள் எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். காக்பர்ன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர் தோட்டத்தில் முதல் குழி வெட்டியவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் வீட்டில் மலைத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். கூலி எவ்வளவு, பழத்தை எப்படி அளந்தார்கள், காலையில் என்ன குடித்தார்கள், எந்த டம்ளரில் குடித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேராவது செய்தால் போதும், மலையின் வரலாற்றில் விட்டுப்போன பக்கத்தை நாமே எழுதிவிடலாம். கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்துத் தொகுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்